குவாரியின் கீழ்மூலை

என் அக்காவுக்கு எங்கள் குடியிருப்பில் சைரன் என்று பெயர். கல்குவாரியில் வெடி வைப்பதற்கு முன்னால் ஊதுகிற சைரன் ஒருநாள் பழுதாகிப் போனது. அன்றைக்கு இவள் கல் உடைக்கிற கிரஷர் பக்கத்தில் நின்றுகொண்டு, “வெடி போடப் போறாங்க, எல்லாரும் ஒதுங்குங்க” என்று ஒரு சத்தம் போட்டாள். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நின்ற டிப்பர் ஓட்டுநர்கள் வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடினார்கள். அப்படி ஓடியவர்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர். சைரனைச் சரிசெய்த பிறகும் அவள் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அதற்கெல்லாம் அவள் கோபப்பட மாட்டாள். “நான் ஊதினா நாலு பேர் உசுரு பிழைக்குதுல்ல, ஊதிட்டுப் போறேன்” என்பாள்.

அவளுக்கு வாய்த்தவர் நேர் எதிர். அத்தான் ஒரு நாளைக்குப் பேசுகிற பேச்சை ஒரு தீப்பெட்டிக்குள் அடைத்துவிடலாம். பாறையில் வெடிமருந்துக்குத் துளை போடுகிற வேலை அவருக்கு. அதிர்கிற மிஷினைப் பிடித்துப் பிடித்து, சும்மா இருக்கும்போதும் கை லேசாக நடுங்கும். டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிப்பார். “உங்க ரெண்டு பேரையும் கலக்கிப் பாதி பாதியா ஊத்தியிருந்தா ரெண்டு நல்ல மனுஷங்க கிடைச்சிருப்பாங்க” என்று நான் கேலி செய்வேன். அக்கா என்னை அடிக்க வருவாள். அத்தான் டம்ளருக்குள் பார்த்துச் சிரித்துக்கொள்வார்.

தகரக் கூரை போட்ட வரிசை வீடுகளில் அடுத்தடுத்த அறைகள் எங்களுடையவை. நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். அங்கே இருமினால் இங்கே கேட்கும். அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தபோது அந்தச் சுவர் வழியாகத்தான் நான் முதல் அழுகையைக் கேட்டேன். அக்கா ஒரு பெயர் சொன்னாள், அத்தானின் அம்மா ஒரு பெயர் சொன்னாள், நான் என் பங்குக்கு ஒன்று சொன்னேன். சண்டை முடிகிற வரைக்கும் பாப்பா என்றே கூப்பிடலாம் என்று முடிவானது. சண்டை முடியவே இல்லை.

பாப்பா தவழ ஆரம்பித்திருந்த சமயம் மழை பிடித்துக்கொண்டது. குவாரிச் சாலை சரிந்து கிடந்தது. அந்த வாரத்தில்தானா அதற்குக் காய்ச்சல் வர வேண்டும்? ஆஸ்பத்திரிக்குப் போக என் வீட்டுக்காரர் டிப்பரை எடுத்தார். அக்கா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு முன்னால் ஏறினாள். பாதி வழியில் வண்டி சேற்றில் இறங்கி நின்றுவிட்டது. அத்தான் பின்சக்கரத்தின் கீழே கல்லைக் கொடுத்துக் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தபோது மேலே அக்கா கத்திய கத்தலை நான் எழுத மாட்டேன். கேட்டவர்களுக்கே அது போதும்.

கிரஷருக்குப் பின்னால் ஒரு சின்ன மேடு இருந்தது. அங்கே அடக்கம் செய்துகொள்ள மேனேஜர் சம்மதித்தார். அத்தான்தான் குழி தோண்டினார். அக்கா வெள்ளைக் கற்களாகப் பொறுக்கி வந்து சுற்றிலும் வைத்தாள். அதற்குப் பிறகு அவள் சோற்றைத் தொடவில்லை, தூங்கவில்லை, ஆள் பாதியானாள். அடுத்த வருடம் மஞ்சள் காமாலையும் வந்து சேர, எங்கள் அம்மா வந்து அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டாள். சில மாதங்கள் அங்கே இருந்துவிட்டுத் திரும்பி வந்தவள், கையில் இருந்த பையை வீட்டுக்குள்கூட வைக்காமல் நேராக மேட்டுக்குத்தான் போனாள்.

பிறகு அதுவே வழக்கமானது. லீவு நாள் காலையில் மேட்டுக்குப் போவாள். களை பிடுங்குவாள், கற்களைத் துடைத்து அடுக்குவாள், வாரம் முழுக்க நடந்ததை எல்லாம் சொல்வாள். என்னைப் பற்றிக் கோள் மூட்டுவதும் உண்டு என்று எனக்குத் தெரியும். அத்தான் மட்டும் வரவே மாட்டார். கிரஷர் வரைக்கும் வருவார், அங்கேயே நின்றுகொள்வார். அக்காவுக்கு அது ஆறாத புண். “கல்லைக் குடைஞ்சு குடைஞ்சு மனசும் கல்லாப் போச்சு இந்த ஆளுக்கு. பெத்த புள்ள, ஒருநாள் வந்து பக்கத்துல உக்காந்தா குறைஞ்சா போயிடுவாரு?” என்று என்னிடம் பொருமுவாள். எனக்கும் அவர்மேல் கோபம்தான். வாய்விட்டே திட்டியிருக்கிறேன். அவர் மூச்சுக் காட்ட மாட்டார்.

அவர்களுக்கு வேறு குழந்தை தங்கவில்லை.

வருடங்கள் ஓடின. நல்ல கல் தீர்ந்துபோய் குவாரியை மூடினார்கள். கம்பெனிக்காரர்கள் கிளம்புகிற அவசரத்தில் முதல் வேலையாக மின்சாரத்தைத் துண்டித்தார்கள். பள்ளத்தின் அடியில் ஊறுகிற தண்ணீரை இராப்பகலாக வெளியே தள்ளிக்கொண்டிருந்த பம்ப் நின்றது. ஆள் வைத்துத் தடுக்க முடியாத வேகத்தில் ஊற்று பொங்கியது. முதலில் பம்ப் இருந்த கீழ்மூலை மறைந்தது, அப்புறம் தரை, அப்புறம் பாறையில் வெட்டிய படிகள் ஒவ்வொன்றாக. பள்ளம் நீலமாகிவிட்டது. வாழ்நாள் முழுக்கத் தூசி தின்றவர்களுக்கு அது பெரிய வேடிக்கை. கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்போம்.

வேலை போன கையோடு ஆளாளுக்கு மாடு வாங்கியிருந்தோம். பாலைத்தான் நம்பியிருந்தோம். மேய்க்க இடமில்லை, கோடையில் தண்ணீருக்கு லாரியை எதிர்பார்த்து நிற்க வேண்டும். அப்போதுதான் குவாரியை என்ன செய்வது என்று அதிகாரிகள் கூட்டம் போட்டார்கள். பழைய கேன்டீன் கூடத்தில் நடந்தது. பள்ளத்துத் தண்ணீரை இறைத்துவிட்டு, கழிவுக்கல் மேடுகளைத் தள்ளி மூடி, சுற்றிலும் வேலி போட்டுவிடுவதாகத் திட்டம். படத்தை எல்லாம் காட்டினார்கள்.

அக்கா எழுந்தாள். மைக்கை நீட்டினார்கள், வேண்டாம் என்றாள். அவளுக்கு எதற்கு மைக்?

“மூடிட்டு வேலி போட்டா யாருக்கு லாபம்? அந்தத் தண்ணிய அப்படியே விடுங்க. மலைச்சரிவுல விழுற மழையையும் கால்வாய் வெட்டி உள்ள கொண்டு வாங்க. கல்லு மேட்டையெல்லாம் சரிவாக்கி மண்ணு பரப்பிப் புல்லு போடுங்க. மாடு இறங்கித் தண்ணி குடிக்க ஒரு பக்கம் பாதை வெட்டுங்க. எங்க மாடு மேயும், நாங்க பிழைச்சுப்போம். நாங்களே வேலை செய்யுறோம்.”

கூடமே கை தட்டியது. அந்தத் தட்டல் அடங்குவதற்குள் நடக்காதது ஒன்று நடந்தது. அத்தான் எழுந்து நின்றார்.

“தண்ணிய... ஒரு தடவை எறைச்சிடலாம்” என்றார். “எறைச்சுட்டு அப்புறமா...”

“எதுக்கு?” என்று யாரோ கேட்டார்கள்.

அவர் வாயைத் திறந்தார், மூடினார். “வாயில்லாப் பூச்சிக்கு வாய் முளைச்சிருக்குடா” என்று பின்னாலிருந்து ஒருத்தன் சொன்னான். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, “பேசாம உக்காருங்க. ஒரு நாளும் பேசாதவரு இன்னைக்குத்தான் பேசணுமா?” என்றாள். அவர் உட்கார்ந்துகொண்டார்.

அக்கா கேட்டதுதான் நடந்தது. பொறுப்பாக வந்த பொறியாளர் ஒரு சின்னப் பெண். வெயிலுக்குத் தொப்பி போட்டுக்கொண்டு எங்களோடு சேர்ந்து கல் பொறுக்குவாள். நல்ல பெண். கழிவு மேடுகளைப் புல்டோசர் சரிவாக்கியது. ஏரிவண்டல் கொண்டுவந்து மேலே பரப்பினார்கள். புல் விதை தூசி மாதிரி இருக்கும். அப்படியே வீசினால் காற்று கொண்டுபோய்விடும். உலர்ந்த மணலோடு கலந்துதான் தூவ வேண்டும். அந்தக் கலவைக்கு அக்காதான் எஜமானி. யாராவது மணலைக் குறைத்தால் போச்சு, காது கிழியும். தூவிய இடத்தில் வைக்கோலைப் பரப்பி, அதைத் தின்ன மாடுகளைக் கொண்டுவந்து அடைப்போம். அவை நின்று மிதித்து, சாணி போட்டு, விதையை மண்ணுக்குள் அமுக்கிவிடும். மனிதன் செய்தால் இத்தனை நன்றாக வராது. முதல் சரிவில் பச்சை பிடித்த அன்று அக்கா ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டிக் கூப்பிட்டுக் காட்டினாள். அவள் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்தது பாப்பா போனதற்குப் பிறகு அதுதான் முதல் தடவை. அதுதான் கடைசியும்.

மழைத் தண்ணீரைக் கொண்டுவருகிற கால்வாய் மலைச்சரிவிலிருந்து இறங்கி மேட்டின் அருகே வந்தபோது வேலை நின்றது. இரண்டு பக்கமும் பாறை. நடுவில் மண்ணாக இருந்தது அந்த மேடு ஒன்றுதான். அக்கா போய் மேட்டின்மேல் உட்கார்ந்துவிட்டாள். யாரும் அவளை எழுப்பத் துணியவில்லை.

பொறியாளர் பெண் அளந்து அளந்து பார்த்தாள். கால்வாயை வளைத்துக் கொண்டுபோனால் மேடேறிவிடுகிறது, தண்ணீர் ஏறாது. பாறையை உடைப்பதென்றால் இந்த மழைக்குள் ஆகாது. கால்வாய் இல்லாமல் மழை வந்தால் மலைத்தண்ணீர் புதுச் சரிவுகளில் பாய்ந்து விதையோடு மண்ணையும் வாரிக்கொண்டு போகும். அக்கம்பக்கத்தில் முணுமுணுப்பு ஆரம்பித்தது. “கேட்டதும் இவங்கதான், தடுக்குறதும் இவங்கதான்” என்று என் காதுபடவே சொன்னார்கள். நான் பதிலுக்கு நன்றாகக் கொடுத்தேன். ஆனால் மேகத்தைப் பார்க்கும்போதெல்லாம் நானும் போய்ப் புதுச் சரிவுகளைப் பார்த்துவிட்டு வந்தேன்.

கடைசியில் பொறியாளர் பெண் மேட்டில் அக்காவுக்குப் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். “அக்கா, புதுப் புல்வெளியில எந்த இடம் வேணும்னு நீங்க காட்டுங்க. அங்க யாரும் கை வைக்காத மாதிரி நான் எழுதி வாங்கித் தர்றேன். பாப்பாவை அங்க கொண்டுபோய் வச்சிடலாமா?” என்று கேட்டாள். அக்கா ஒரு வெள்ளைக் கல்லை எடுத்து முந்தானையால் துடைத்து வைத்தாள். அப்புறம், “வேற யாரும் தொடக்கூடாது. நானே எடுப்பேன்” என்றாள்.

மறுநாள் காலை அவள் குளித்து, புதுத்துணி ஒன்றும் ஒரு சின்ன மரப்பெட்டியும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மண்வெட்டி என் கையில். பொறியாளர் பெண் எல்லோரையும் தூரத்தில் நிற்க வைத்துவிட்டாள். அக்கா வெள்ளைக் கற்களை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்தாள். மண்வெட்டியை என்னிடமிருந்து வாங்கி ஓங்கினாள்.

அத்தான் ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. வந்து மண்வெட்டிக் காம்பைப் பிடித்துக்கொண்டார்.

“தோண்டாத.”

“விடுங்க. இத்தனை வருஷம் எட்டிப் பாக்காதவரு இப்ப எதுக்கு வந்தீங்க?”

“தோண்டாத. அங்க இல்ல.”

“என்ன இல்ல?”

“பாப்பா அங்க இல்ல.”

அக்கா என்னைப் பார்த்தாள். எனக்கு என்ன தெரியும்? நான் அவரைப் பார்த்தேன். அவர் மண்வெட்டிக் காம்பைப் பார்த்துக்கொண்டே பேசினார். தீப்பெட்டிக்குள் அடங்குகிற பேச்சுக்காரர், அன்றைக்குத்தான் அவ்வளவு பேசினார்.

“நீ காமாலை வந்து அத்தை வீட்டுல கிடந்தல்ல, அப்ப மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னாரு. இந்தப் பக்கம் வெட்டப் போறோம், மேடு முழுக்க வெடி வைக்கப் போறோம்னு. துளை போடுறது நான்தான். நான்தான் போட்டாகணும். புள்ள மேல நான் எப்படி மிஷினை வைப்பேன்? அன்னைக்கு விடிகாலையில நானே எடுத்துட்டேன். கல்லையெல்லாம் இருந்த மாதிரியே அடுக்கி வச்சேன்.”

“மேட்டை வெட்டலையே.”

“ரெண்டு துளை போட்டுப் பாத்தாங்க. கல்லு முழுக்க விரிசல், நடுவுல களிமண்ணு. வேணாம்னு விட்டுட்டாங்க. அதுக்குள்ள நீ வந்துட்ட. வந்ததும் இங்கதான் வந்து உக்காந்த. அப்பதான் கொஞ்சம் சாப்பிட ஆரம்பிச்ச. எப்படிச் சொல்ல? இன்னைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு...”

அக்கா சத்தம் போடுவாள், அவரைப் போட்டு அடிப்பாள் என்றுதான் நினைத்தேன். அவள் மெதுவாகக் கேட்டாள்.

“எங்க வச்சீங்க?”

அவர் கையை நீட்டினார். நடுங்குகிற விரல் பள்ளத்தை, தண்ணீரைக் காட்டியது.

“கீழ்மூலையில. பம்புக்குப் பக்கத்துல. அங்க அடி வரைக்கும் வெட்டி முடிச்சாச்சு. இனிமே அங்க யாரும் துளை போட மாட்டாங்க, வெடி வைக்க மாட்டாங்க. மேல எல்லாம் இன்னைக்கு இருக்கும், நாளைக்கு இருக்காது. குவாரியில அசையாத இடம் அது ஒண்ணுதான்னு நெனச்சேன்.”

அதில் தப்புச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வாய் வரவில்லை. குவாரியில் வேலை பார்த்த எவரைக் கேட்டாலும் அந்த மூலையைத்தான் சொல்லியிருப்பார்கள். பம்ப் ஒருநாள் நின்றுபோகும் என்று யார் நினைத்தோம்?

அக்கா தண்ணீரைப் பார்த்தாள். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தாள்.

“கூட்டத்துல எந்திரிச்சு எறைச்சிடலாம்னு சொன்னீங்களே...”

“ஆமா.”

“அதுக்குத்தானா?”

அவர் தலையை ஆட்டினார்.

“நான் உக்காரச் சொன்னேன்” என்றாள் அக்கா. “சட்டையைப் பிடிச்சு இழுத்து உக்காரச் சொன்னேன்.” அதையே மறுபடியும் மறுபடியும் சொன்னாள். சொல்லிக்கொண்டே வெள்ளைக் கற்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

சிறிது நேரம் கழித்து அவளே எழுந்து பொறியாளர் பெண்ணிடம் போனாள். “எடுத்தாச்சும்மா, வண்டிய ஓட்டச் சொல்லு” என்றாள். பெட்டி காலியாக என் கையில் இருந்தது. அந்தப் பெண் பெட்டியைத் திறக்கச் சொல்லவில்லை. புல்டோசர் மேட்டை ஒரே தள்ளாகத் தள்ளியது. வீட்டுக்கு வரும் வழியில் அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள். “யார்கிட்டயும் சொல்லிடாத. தெரிஞ்சா அந்தத் தண்ணிய ஒருத்தரும் தொட மாட்டாங்க. மாட்டைக்கூட விட மாட்டாங்க. இவ்வளவு பேரோட உழைப்பு.”

அவளுக்கு எப்படி அதை நினைக்கத் தோன்றியது? எனக்கு அந்த நேரத்தில் தண்ணீரும் மாடும் நாசமாய்ப் போகட்டும் என்றுதான் இருந்தது.

அன்றே அவள் தன் பாயைச் சுருட்டிக்கொண்டு என் அறைக்கு வந்துவிட்டாள். அத்தானுக்குச் சாப்பாடு என் கையில் கொடுத்தனுப்புவாள், பேச மாட்டாள். அவரோடு மட்டும் இல்லை, யாரோடும் அதிகம் பேசவில்லை. கால்வாய் பள்ளத்துக்குள் விழுகிற இடத்தில் ஒரு மதகு கட்டினார்கள். மழையின் முதல் தண்ணீர் சேறும் சாணியுமாக வரும். அதை உள்ளே விட்டால் பள்ளம் தூர்ந்துபோகும். அதனால் மதகை மூடிவைத்துக் கலங்கலைக் கீழ்ப்பக்கம் ஓடவிட்டு, தண்ணீர் தெளிந்த பிறகு சக்கரத்தைச் சுற்றி மதகைத் தூக்க வேண்டும். அந்தப் பொறுப்பை அக்கா கேட்டு வாங்கிக்கொண்டாள். தண்ணீரை விட்டு அவளால் தள்ளியிருக்க முடியவில்லை.

புல் நன்றாக வந்தது. மாடுகள் பெருகின. வெளியாட்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அக்காவை மதகின் பக்கத்தில் நிற்க வைத்து எடுத்த படம்கூட ஒன்று உண்டு. அதில் அவள் எங்கே பார்க்கிறாள் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

அப்புறம் மழை பொய்த்தது. ஒரு வருடம் சமாளித்தோம். இரண்டாவது வருடம் புல் காய்ந்து சருகானது. பள்ளத்தில் தண்ணீர் இறங்க இறங்க, பாறைப் படிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. தண்ணீர் காட்ட மாடுகளை மேலும் மேலும் கீழே இறக்க இறக்க எங்களுக்கு ஈரக்குலை கருகியது. என் மாடு ஒன்றுக்கு விலா எலும்பை எண்ணலாம் போல ஆகிவிட்டது. சினை மாடு வேறு.

அக்கா மட்டும் காலையில் எழுந்ததும் கரைக்கு ஓடுவாள். எத்தனை இறங்கியிருக்கிறது என்று பார்ப்பாள். ஒருநாள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டேன். எல்லோருக்கும் உயிர் போகிறது, இவள் முகத்தில் வெளிச்சம்.

“அக்கா, என் மாடு செத்துக்கிட்டு இருக்கு” என்றேன்.

“தெரியும்டி.”

“மழை வேணாம்னு நினைக்கிறியா நீ?”

அவள் பொய் சொல்கிற ஆள் இல்லை. “இன்னும் ஒரே ஒரு படி இறங்கினா போதும்” என்றாள். “அதுக்கப்புறம் கொட்டட்டும். ஒரே ஒரு படி.” சொல்லிவிட்டு என் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் அவளை என்ன செய்வது? அவளையும் வெறுக்க முடியவில்லை, மாட்டையும் பார்க்க முடியவில்லை.

அத்தானும் கரைக்கு வர ஆரம்பித்தார். முதலில் தள்ளி உட்கார்ந்தார். பிறகு கொஞ்சம் பக்கத்தில். ஒருநாள் அக்கா தன் டம்ளர் டீயில் பாதியை அவர் டம்ளரில் ஊற்றினாள். இருவரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு குடித்தார்கள்.

குவாரியின் தரை தெரிந்தது. கடைசியாக மிஞ்சியது கீழ்மூலைக் குட்டை மட்டும். இடுப்பளவு இருக்கும். எல்லா மாடும் அதைத்தான் குடித்தன. அத்தான் மண்வெட்டியோடு தயாராகத்தான் இருந்தார். ஆனால் எப்படி இறங்குவது? அதில் தோண்டினால் தண்ணீர் சேறாகிவிடும். அத்தனை வாய்க்கும் இருந்தது அது ஒன்றுதான். “மாடு குடிக்கிற தண்ணி. கலக்கக்கூடாது” என்று அக்காவே சொல்லிவிட்டாள். குட்டை வற்றினால் மாடுகள் சாகும், மழை வந்தால் மூலை மூழ்கும். இதற்கு நடுவில் அவர்களுக்குக் கிடைக்கக்கூடியது மழை விழுந்து குட்டை கலங்கினாலும் பரவாயில்லை என்றானதிலிருந்து மதகு திறக்கும் வரைக்குமான நேரம் மட்டும்தான். அதை இருவரும் பேசி வைத்துக்கொண்டார்கள் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது.

மழை ஒரு பகல் பொழுதில் வந்தது. முதல் துளிகள் விழுந்தபோது ஜனங்கள் வாளி, அண்டா, கையில் கிடைத்ததை எல்லாம் வெளியே வைத்துவிட்டுத் தெருவில் நின்று நனைந்தார்கள். கிழவர்கள்கூடக் குதித்தார்கள். நான் மதகை நோக்கி ஓடினேன். அக்கா சக்கரத்தின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். கீழே பள்ளத்தில் அத்தான் குட்டைக்குள் இறங்கித் தோண்டிக்கொண்டிருந்தார்.

கால்வாயில் செந்நிறத்தில் கலங்கல் வந்தது, கீழ்ப்பக்கம் போனது. ஆட்கள் கூடினார்கள். மழை வலுத்தது. கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளிந்தது. எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது.

“தெளிஞ்சிடுச்சு, தூக்கு!”

“இன்னும் கொஞ்சம்” என்றாள் அக்கா.

“என்ன கொஞ்சம்? நல்ல தண்ணி வீணாப் போகுது பாரு!”

“இன்னும் கொஞ்சம் தெளியட்டும்.”

“அந்த ஆளு கீழ என்ன பண்றாரு, பைத்தியமா பிடிச்சிருக்கு? மேல வரச் சொல்லு!”

ஒருவர் சக்கரத்தில் கை வைத்தார். அக்கா அந்தக் கையைத் தட்டிவிட்டாள். இரண்டு வருடம் காத்திருந்த தண்ணீர் கண்ணெதிரே ஓடுகிறது. மழை நின்றுவிட்டால் மறுபடி எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? காரணம் தெரிந்த எனக்கே கை பரபரத்தது. தெரியாதவர்களை நான் என்ன சொல்வேன்? அக்கா என் பக்கம் திரும்பினாள். “நீ போய்ப் பாரு” என்றாள்.

மாடு இறங்குகிற சரிவில் வழுக்கி வழுக்கி இறங்கினேன். சுற்றுப் பாறைகளில் வழிகிற தண்ணீரே அதற்குள் குட்டையை அவர் மார்பு வரைக்கும் கொண்டுவந்திருந்தது. மண்வெட்டி எங்கேயோ போய்விட்டது. அவர் மூழ்கி மூழ்கிக் கையால் தோண்டிக்கொண்டிருந்தார்.

“அத்தான், போதும், வாங்க!”

“இங்கதான் வச்சேன். பம்பு மேடைக்கு வலப்பக்கம். பாறை இடுக்குலதான் வச்சேன்.” மறுபடி மூழ்கினார். எழுந்தபோது இரண்டு கையிலும் வண்டல். “சேறு ஆளுயரம் ஏறிக் கிடக்கு. போய்க்கிட்டே இருக்கு, அடியே வரல.”

“அங்க எல்லாரும் கத்துறாங்க. அக்காவால இதுக்கு மேல நிறுத்த முடியாது.”

“இன்னும் ஒரு தடவை.”

ஒரு தடவை போனார். இன்னொரு தடவையும் போனார். நான் கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கி அவர் சட்டையைப் பிடித்து இழுத்துத்தான் கரையேற்றினேன். மேலே ஏறுகிற வழி முழுக்க இரண்டு கையையும் மூடி நெஞ்சோடு வைத்துக்கொண்டே வந்தார். உள்ளே வண்டல் தவிர ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

மதகருகே கூட்டம் அவருக்கு வழிவிட்டது. திட்டினவர்கள்கூட அவர் கோலத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்கள். அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள்.

“கிடைக்கல” என்றார்.

அக்கா சக்கரத்தைப் பிடித்தாள். யாரையும் உதவிக்கு விடவில்லை. முழு பலத்தோடு சுற்றினாள். மதகு மேலே ஏறியது. தண்ணீர் ஓவென்று பள்ளத்துக்குள் பாய்ந்தது. ஜனங்கள் கூச்சல் போட்டார்கள், ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். யாரோ அக்காவின் தலையைத் தொட்டு, “நீ நல்லா இருப்பம்மா, இது உன்னால வந்த தண்ணி” என்றார்கள். கீழே அந்த மூலை தெரிகிற வரைக்கும் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அது தெரியவில்லை.

அத்தான் கால்வாய் ஓரத்தில் குனிந்து, ஓடுகிற தண்ணீரில் கையை நீட்டப் போனார். அக்கா பாய்ந்து போய் அவருடைய இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டாள்.

“கழுவாதீங்க” என்றாள். “கைய கழுவாதீங்க.”

அவர் கைகளை மழை படாமல் தன் வயிற்றோடு அணைத்து மூடிக்கொண்டாள். அப்படியே இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள்.